வெள்ளிக்கிழமை மீன் வாங்கிய வீடு

அத்தியாயம் ஒன்பது

அரசாங்கம் விழ இன்னும் இரண்டு மணித்தியாலம் இருக்கையில் எங்கள் துப்பறியும் கந்தோரின் பெயர்ப்பலகை விழுந்தது. நல்லவேளை, யாருடைய தலையிலும் விழவில்லை. கீழே தையற்கடைக்காரர் காயப்போட்டிருந்த காற்சட்டை ஒன்றின் மேல் விழுந்து, அதன் ஒரு காலைக் கிழித்துக்கொண்டு போனது.

“சகுனம் சரியில்லை மிஸ்,” என்றேன்.

“ஆணி சரியில்லை பக்கீர். நீர் அடிச்ச ஆணி,” என்றார் மிஸ் றஞ்சிதம், தேநீரிலிருந்து கண்ணை எடுக்காமல்.

பக்கீர் என்பது நான்தான், மிஸ்ஸின் உதவியாளும் சாரதியும். எனக்குச் சொந்தமாக ஒரு பழைய மொரிஸ் மைனர் கார், நான்கு பிள்ளைகள், கொஞ்சம் நீளமான நாக்கு. காருக்கும் நாக்குக்கும் பிரேக் பிடிக்காது என்பாள் என் மனைவி. மிஸ் றஞ்சிதம் பத்தொன்பது வருடம் மன்னார் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் இருந்தவர். ஊரின் ரகசியமெல்லாம் அவர் காதுவழியாகத்தான் போய் வந்தது. வேலையை விட்ட பிறகு அந்தக் காதுகளுக்கு ஒரு பலகை மாட்டினார். அந்தப் பலகைதான் இப்போது விழுந்து கிடந்தது.

எதிர்க் கதிரையில் பள்ளிமுனை மார்த்தா உட்கார்ந்திருந்தாள். மடியில் தட்டச்சு செய்த ஒரு கடிதம். அதை அவள் ஒரு கைக்குழந்தையைப்போல் பிடித்திருந்தாள்.

அவளுடைய கதை இதுதான். மூன்று கிழமைக்கு முன் அவள் கணவன் யோசேப்பின் வள்ளத்தில் எஞ்சின் நின்று, காற்று அதை இராமேஸ்வரம் பக்கம் இழுத்துக்கொண்டு போய்விட்டது. அங்கே கடத்தல்காரன் என்று பிடித்து மறியலில் போட்டார்கள். திங்கட்கிழமை வழக்கு. ‘இவர் எங்கள் நாட்டு மீனவர்தான்’ என்று ஒரு மந்திரியின் கடிதம் போனால் விட்டுவிடுவார்கள். கடிதம் கச்சேரி என்ற அரசாங்கக் கந்தோரில் தட்டச்சாகி, மந்திரியின் சீலும் குத்தியாகிவிட்டது. கையெழுத்துத்தான் இல்லை. அதற்கு முன் போகும் கடைசிக் கப்பலான நாளைக் காலைக் கப்பலில் அது அக்கரை போகவேண்டும். தலைமன்னார் இறங்குதுறையில் இன்று மாலை ஏழரைக்குத் தபாற்பையைக் கட்டிவிடுவார்கள்.

கையெழுத்துப் போடவேண்டிய மந்திரியோ புதன்கிழமை தொடக்கம் காணாமல் போயிருந்தார்.

கொழும்பில் அந்தத் தேசிய அரசாங்கம் பிறந்து இருபத்தொன்பது நாள்தான் ஆகியிருந்தது. ஒன்றின் முகத்தில் ஒன்று முழிக்காத ஐந்து கட்சிகளும் சில சுயேச்சைகளும் சேர்ந்து ஆளுக்கொரு மந்திரிப் பதவியை அள்ளிக்கொண்டார்கள். கடைசியில் மிஞ்சிக் கிடந்த கடற்றொழிலை எங்கள் பக்கத்துச் சுயேச்சை யாகப்பருக்குக் கொடுத்தார்கள். யாகப்பருக்கு மன்னாரில் மூன்று இடத்தில் வரவேற்பு வளைவு கட்டினோம். இன்று ஐந்து மணிக்குப் பாராளுமன்றத்தில் நம்பிக்கை வாக்கெடுப்பு. அரசாங்கத்துக்கு எதிர்ப்பக்கத்தைவிட ஒரே ஒரு வாக்குத்தான் கூட என்று பத்திரிகைகள் எழுதின. அந்த ஒரு வாக்கு புதன்கிழமை ரயிலில் வந்து மன்னாரில் இறங்கியது. வீடு போய்ச் சேரவில்லை. ‘மந்திரி கடத்தப்பட்டார்’ என்று எல்லாப் பத்திரிகையும் கொட்டை எழுத்தில் போட்டுவிட்டது.

“மூண்டு தரம் ஓம் எண்டு சொன்னவர் மிஸ்,” என்றாள் மார்த்தா. “அஞ்சு மணிக்கு அரசாங்கம் விழுந்தால் பிறகு அவரின்ரை கையெழுத்து ஆருக்கு வேணும்? என்ர மனுசன் அங்கையே கிடந்து சாக வேண்டியதுதான்.”

அவள் அழப்போகிறாள் என்று தெரிந்தது. பெண்கள் அழுதால் என் நாக்கு தானாகவே பகிடி விடத் தொடங்கிவிடும்.

“நாடே தலைகீழாப் போச்சு மார்த்தா, நீங்கள் ஒராள் மட்டும் கவலைப்படாதீங்கோ,” என்றேன். “இப்ப ஜும்மா முடிஞ்சு வரேக்கை மீன்காரச் சரிபுதீன் நானாவைக் கண்டனான். நானாட்டான் கதிர்காமு இண்டைக்கு அவரை மறிச்சு மீன் வாங்கினவராம். வெள்ளிக்கிழமை! கதிர்காமு!”

மார்த்தா சிரிக்கவில்லை. மிஸ் றஞ்சிதம் தேநீர்க் கோப்பையை மேசையில் வைத்தார்.

“காரை எடும் பக்கீர்.”

இந்த ஊர் வெள்ளிக்கிழமையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவேண்டும். அன்றைக்கு எங்களுக்கு ஜும்மா. வேதக்காரரான கத்தோலிக்கர் இறைச்சி தொடமாட்டார்கள். அதனால் மீன்தான் அவர்களுக்கு விரதச் சாப்பாடு. சைவக்காரருக்கோ அன்றைக்கு மீன் வாசனையே ஆகாது. ஒரே மீன் ஒரு வீட்டில் விரதம், அடுத்த வீட்டில் பாவம். கதிர்காமு நானாட்டான் குளக்கட்டுக்குப் பக்கத்தில் நெல் விதைக்கிற சைவக்காரர். வெள்ளிக்கிழமைகளில் அவர் வீட்டைத் தாண்டும்போது சரிபுதீன் நானா சைக்கிள் மணியைக்கூட அடிப்பதில்லை.

மார்த்தாவையும் ஏற்றிக்கொண்டு போய், சந்தைக்குப் பக்கத்துத் தேநீர்க் கடையடியில் காரை நிறுத்திச் சரிபுதீனைப் பிடித்தோம்.

“என்ன மீன் நானா?” என்று கேட்டார் மிஸ்.

“அதுதானே பகிடி! பெரிய ஓரா நாலு வேணுமெண்டு கேட்டவர். நான் சீலாவைத் தூக்கினன். ‘இதுவோ ஓரா?’ எண்டார். சிரிச்சுச் சைக்கிளோடை விழப் பாத்தன் மிஸ்.”

“ஓராவைத் தெரியாத மனுசன் ஓரா எண்டு எப்பிடிக் கேட்டவர்?”

“கடுதாசித் துண்டு ஒண்டு வச்சிருந்தார். அதைப் பாத்து வாசிச்சவர். நானும் எட்டிப் பாத்தன். மணி மணியான எழுத்து. மேலை சின்னதா ஒரு சிலுவை.”

மிஸ் என்னைப் பார்த்தார். நான் மிஸ்ஸைப் பார்த்தேன். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனாலும் தலையை ஆட்டினேன்.

“கதிர்காமு எழுதியிருந்தால் துண்டின்ரை தலையிலை என்ன இருக்கும் பக்கீர்?”

“பிள்ளையார் சுழி.”

“மீன் துண்டுக்கும் சிலுவை போட்டுத் தொடங்கிற ஆள் ஆர்?”

“வேதக்காரர்.” அப்போதுதான் எனக்கு உறைத்தது. “சைவ வீட்டிலை ஒரு வேதக்காரர். வெள்ளிக்கிழமை. வெளியாலை வந்து தானே மீன் வாங்க ஏலாத வேதக்காரர்!”

“மந்திரிக்கு ஓரா எண்டால் உயிர்,” என்று பின்சீட்டிலிருந்து மார்த்தா கத்தினாள். “எங்கடை மீன்வாடிக்கு வோட்டுக் கேக்க வந்து, வோட்டை மறந்துபோட்டு நாலு ஓரா திண்டவர்!”

கார் பறந்தது. பறந்தது என்றால், என் கார் பறக்கிற அளவுக்கு. பாலத்தடியில் பதினைந்து கழுதைகள் வீதியை மறித்துக்கொண்டு நின்றன. ஹோர்ன் அடித்தேன். இரண்டு வலப்பக்கம் திரும்பின, மூன்று இடப்பக்கம் திரும்பின, மற்றவை எங்களையே பார்த்துக்கொண்டு நின்றன.

“இதுவும் தேசிய அரசாங்கம்தான் மிஸ். எந்தப் பக்கம் போறதெண்டு ஒண்டுக்கும் தெரியாது.”

“இறங்கித் தள்ளும்.”

அரசாங்கத்தைத் தள்ளிவிட்டு வர கால் மணித்தியாலம் பிடித்தது. திருக்கேதீஸ்வரத்துக்குத் திரும்பும் சந்தியைத் தாண்டி, நானாட்டானில் கதிர்காமுவின் படலையடியில் நிறுத்தும்போது மணி ஐந்தேகால். உள்ளே றேடியோவில் யாரோ வயலின் வாசித்துக்கொண்டிருந்தார்கள்.

நெற்றி நிறையத் திருநீறோடு கதிர்காமு வந்தார். எங்களைக் கண்டதும் திருநீறுக்கும் முகத்துக்கும் நிறத்தில் வித்தியாசம் இல்லாமல் போனது.

“வாங்கோ, வாங்கோ. என்ன இந்தப் பக்கம்?”

மிஸ் மூக்கை மேலே தூக்கி மெல்ல இழுத்தார். “ஓரா பொரியிற வாசம் வருது.”

“அது பூனைக்கு,” என்றார் கதிர்காமு.

“பூனைதான் துண்டு எழுதித் தந்ததோ அண்ணை?” என்று நான் கேட்டேன்.

 கதிர்காமுவுக்குப் பின்னாலிருந்து அவர் மனைவி கனகம்மா ஒரு அகப்பையோடு வெளியே வந்தார். இரண்டு நாளாக அடக்கி வைத்திருந்ததெல்லாம் அந்த அகப்பையோடு சேர்ந்து வந்தது.

“பூனையோ! நல்ல பூனை! புதன்கிழமை வந்த பூனை. வியாழக்கிழமை பேசாமல் கத்தரிக்காய் திண்ட பூனை. இண்டைக்கு மீன் இல்லாட்டிச் சோறு இறங்காதாம்! நான் குளிச்சு விளக்கேத்திற நாளிலை என்ர வளவுக்கை மீன்! இவரோடை பள்ளிக்கூடம் போன சிநேகிதன் எண்டு பொறுத்தன். ட்ராக்டர் கொட்டிலுக்கை போய் நீங்களே பொரிச்சுத் தின்னுங்கோ, சட்டியையும் கையோடை கொண்டுபோங்கோ எண்டு சொல்லிப்போட்டன். எந்தப் பெரிய மந்திரியா இருந்தால் எனக்கென்ன!”

சொன்ன பிறகுதான் கையால் வாயைப் பொத்தினார். கதிர்காமு தலையில் கை வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்துவிட்டார்.

கொட்டிலுக்குள், ட்ராக்டரின் பெரிய சில்லுக்குப் பக்கத்தில், மூன்று கல் வைத்து அடுப்பு எரிந்தது. கௌரவ கடற்றொழில் மந்திரி யாகப்பர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு ஓராவைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தார். கட்டுமில்லை, காவலுமில்லை. ஒரு பாய், ஒரு தலையணை, ஒரு செபமாலை, அவ்வளவுதான்.

“ஆர் காட்டித் தந்தது?” என்றார், திரும்பாமலே.

“நீங்கள்தான் ஐயா. மீன் துண்டுக்கும் சிலுவை போடுறீங்கள்,” என்றார் மிஸ்.

மந்திரிக்குக் கோபம் வரவில்லை, பாவம். ஒரு துண்டு மீனைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னார். அரசாங்கத்துக்கு வாக்குப் போட்டால் நாளைக்கு மற்றப் பக்கம் வந்து அரைத்துவிடும். எதிர்த்துப் போட்டால் இந்தப் பக்கம் அரைத்துவிடும். “கடத்தப்பட்டவனை ஒருத்தரும் ஏச ஏலாது. நாளைக்கு நானாகவே ‘தப்பி’ வாறதெண்டு இருந்தனான்.”

மார்த்தா கடிதத்தை நீட்டினாள். அவர் அதைப் பார்த்தார், பேனாவைத் தொடவில்லை.

“இண்டையத் திகதியிலை கையெழுத்து இருந்தால், கடத்தப்பட்டவன் எப்பிடிப் பேனா பிடிச்சவன் எண்டு கேக்க மாட்டாங்களோ பிள்ளை?”

“என்ர மனுசன் அங்கை உண்மையாப் பிடிபட்டுக் கிடக்கிறார் மந்திரி,” என்றாள் மார்த்தா. “நீங்கள் இஞ்சை பொய்யாப் பிடிபட்டு மீன் பொரிக்கிறீங்கள்.”

அவர் இன்னொரு துண்டு மீனைக் கையில் எடுத்தார். எனக்கே ஒரு பகிடியும் வரவில்லை. நான் பக்கீர் ஆன நாளிலிருந்து இதுதான் முதல் தரம்.

அப்போது வீட்டுக்குள் வயலின் நின்றது. செய்தி வாசிப்பவரின் குரல் கேட்டது. கதிர்காமு ஓடிவந்தார்.

“விழுந்திட்டுது! பத்து வாக்கு வித்தியாசத்திலை!”

மந்திரியின் கையிலிருந்த மீன் நடுவழியில் நின்றது. “பத்தோ? ஒண்டெண்டெல்லோ சொன்னவங்கள்?”

“உங்கடை பக்கத்திலை அஞ்சு பேர் அங்காலை மாறியிட்டினமாம்.”

“என்ர பேர் ஏதும் சொன்னவங்களோ?”

கதிர்காமு தயங்கினார். “இல்லை. பிறகு விளையாட்டுச் செய்தி போகுது.”

இரண்டு நாள் ஒளித்திருந்து காப்பாற்றிய வாக்கு ஒரு சதத்துக்கும் பெறுமதி இல்லாமல் போனதை ஒரு மனிதர் விளங்கிக்கொள்வதை நான் கிட்ட நின்று பார்த்தேன். சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன். மார்த்தாவைப் பார்த்ததும் சிரிப்பு தானாகவே போய்விட்டது. அவள் கடிதத்தை நான்காக மடித்துக்கொண்டிருந்தாள்.

“மடிக்காதீங்கோ,” என்றார் மிஸ். “முந்தின அரசாங்கம் விழுந்த அண்டைக்கு எக்ஸ்சேஞ்சிலை நான்தான் டியூட்டி. கொழும்பிலை ஒரு மந்திரி லைனிலை கத்தினவர்: ‘விழுந்தால் என்ன, புதுசா வாறவன் சத்தியம் எடுக்கிற வரைக்கும் நான்தான் மந்திரி, பைலைக் கொண்டு வா’ எண்டு. ஒன்பது நாள் கையெழுத்துப் போட்டவர். ஒண்டும் செல்லாமல் போகேல்லை.”

“நீங்கள் லைன் குடுத்துப்போட்டுக் கேட்டுக்கொண்டு இருந்தனீங்களோ மிஸ்?” என்றேன்.

“லைன் தெளிவா இருக்கோ எண்டு பாத்தனான்.”

யாகப்பர் எழுந்தார். கையைச் சாரத்தில் துடைத்தார். “இனி என்னைக் கடத்த ஒரு பேயும் வராது. தாங்கோ.” ட்ராக்டரின் மட்காட்டில் வைத்துக் கையெழுத்துப் போட்டார். கடிதத்தின் மூலையில் எண்ணெய் விரல் ஒன்று பதிந்தது. மந்திரியாக அவர் போட்ட முதலாவது கையெழுத்து அதுதான் என்று பிறகு தெரிந்தது. மற்ற இருபத்தெட்டு நாளும் வரவேற்பிலும் ஒளிப்பிலுமே போய்விட்டதாம்.

“ஆனால் ஒண்டு,” என்று விரலை உயர்த்தினார். “உடனை தேர்தல் வரும். நான் மீன் பொரிச்சுக்கொண்டு ஒளிச்சிருந்தனான் எண்டு வெளியிலை தெரிஞ்சால் கட்டுக்காசும் மிஞ்சாது. ஒருத்தருக்கும் சொல்ல மாட்டம் எண்டு சத்தியம் பண்ணுங்கோ.”

“நாங்கள் மூண்டு பேரும் வாய் திறக்க மாட்டம்,” என்றார் மிஸ். “ஏறுங்கோ, உங்களைக் காரிலை கொண்டுபோறம்.”

மூன்று வளைவு கட்டி வரவேற்ற ஊருக்குள் மந்திரி நெற்சாக்கு ஒன்றுக்குக் கீழே மார்த்தாவின் காலடியில் படுத்தபடி வந்தார். அவர் வீட்டுக்குத் திரும்பும் ஒழுங்கை வந்தது. நான் பிரேக்கில் கால் வைத்தேன்.

“நிப்பாட்டாதையும்,” என்றார் மிஸ் மெதுவாக.

பேசாலை ஊரையும் தாண்டியபோது சாக்கு பேசியது. “என்ர வீடு இவ்வளவு தூரமில்லையே?”

“இல்லை,” என்றார் மிஸ். 

இறங்குதுறையில் ஏழு பத்துக்கு நிறுத்தினேன். தபாற்பைக்குப் பொறுப்பான பாலசிங்கம் அரக்கை உருக்கிக்கொண்டிருந்தார். சுற்றிவர மூட்டை தூக்குகிறவர்கள், நாளைக் கப்பலுக்கு இன்றைக்கே வந்து படுத்திருந்த சனங்கள். பாலசிங்கம் கடிதத்தை லாம்புக்குக் கிட்டப் பிடித்து வாசித்தார். பிறகு திருப்பி நீட்டினார்.

“தங்கச்சி, நானும் பேப்பர் வாசிக்கிறனான். மந்திரி புதன்கிழமை தொடக்கம் ஆளில்லை. இது இண்டையத் திகதி. மீன் எண்ணெயும் மணக்குது. கள்ளக் கையெழுத்தைப் பையிலை போட்டால் என்ர வேலை போகும்.”

“கள்ளக் கையெழுத்து இல்லை ஐயா.”

“அப்ப எங்கை வச்சு வாங்கினது? சொல்லுங்கோ.”

மார்த்தா மிஸ்ஸைப் பார்த்தாள். மிஸ் கடலைப் பார்த்தார். சத்தியம் சத்தியம்தான். நான் வாழ்க்கையிலேயே முதல்தடவையாக நாக்கைப் பல்லால் கடித்துப் பிடித்திருந்தேன். வலித்தது.

“ஏழு இருபது,” என்றார் பாலசிங்கம். பையின் வாயைச் சேர்த்துப் பிடித்தார்.

மார்த்தா காரின் பக்கம் திரும்பினாள்.  அழவில்லை. கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா நின்றாள். அந்த நிற்பைப் பார்க்க என்னால் முடியவில்லை. காருக்குள் இருந்தவராலும் முடியவில்லை போலும்.

சாக்கு அசைந்தது. கதவு திறந்தது. தலையெல்லாம் நெல் உமியோடு, சாரமும் பெனியனுமாக யாகப்பர் இறங்கி வந்தார். துறையே எழுந்து நின்றது.

“ஐயா!” என்றார் பாலசிங்கம். “உங்களைக் கடத்தினவங்கள்?”

“ஒருத்தரும் கடத்தேல்லை.”  பிறகு மேடையில் பேசுகிற குரல் வந்துவிட்டது, அது அவருக்குப் பழக்கம். “நான்தான் பயத்திலை ஒளிச்சனான். நானாட்டானிலை மீன் பொரிச்சுக்கொண்டு இருந்தனான். கையெழுத்து என்ரை. சந்தேகம் எண்டால் பேனாவைத் தாரும், உமக்கு முன்னாலை இன்னொண்டு போடுறன்.”

முதலில் ஒரு மூட்டைக்காரன் சிரித்தான். பிறகு நாலு பேர். பிறகு துறை முழுவதும். நாளை விடியமுன் இந்தச் சிரிப்பு பள்ளிமுனை வரைக்கும் போய்விடும், தேர்தல் வரைக்கும் நிற்காது என்று எங்கள் எல்லாருக்கும் தெரியும். அவருக்கும் தெரியும். அவர் சிரிப்புக்கு நடுவில் குனிந்து, முதல் கையெழுத்துக்குக் கீழே இரண்டாவதைப் போட்டார்.

பாலசிங்கம் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தார். கடிதத்தைப் பைக்குள் போட்டார். வாயைக் கட்டி, முடிச்சில் அரக்கு வைத்து, முத்திரையை அழுத்தினார்.

“முன்னாள் மந்திரிக்கு ஒரு பிளேன்ரீ!” என்று யாரோ ஒருவன் பின்னால் இருந்து கத்தினான். மறுபடியும் சிரிப்பு. யாகப்பர் காருக்குப் போகிற வழி தெரியாதவர்போல் நின்றுகொண்டிருந்தார்.

மார்த்தா கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவரிடம் போனாள். தோளில் ஒட்டியிருந்த உமியைத் தட்டிவிட்டாள்.

“வாங்கோ மந்திரி,” என்றாள், எல்லாருக்கும் கேட்கும்படி. “வீட்டை போவம்.”